களைக்குள் ஒளிந்திருந்த வாடல் நோய்

(தாவரவியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் எழுதியது)



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "அண்ணா, உங்க பேட்ச்ல இருந்து இன்னும் ஒண்ணும் வரலை. ஆனா ஹாஸ்டல் மெஸ் பத்தி மட்டும் வேண்டாம். அதுலேயே ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்திருக்கு" என்றார் அந்தத் தம்பி. சரி, மெஸ்ஸை விட்டுவிடுகிறேன். என் பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டில் நான் எழுதிய ஒரு தவறான வரியைப் பற்றி எழுதுகிறேன். அந்த வரியைத் திருத்த எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

1980 ஜனவரி. இறுதியாண்டு மாணவர்கள் முப்பது பேர் ஒரு வாடகை பஸ்ஸில் தாவர நோயியல் களப்பயணம் போனோம். கோவைப் பக்கத்துக் கரிசல் காடு ஒன்றில் இறங்கினோம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே விளையும் கொண்டைக்கடலை அங்கே திட்டுத் திட்டாக வாடிக் கிடந்தது. பேராசிரியர் ஒரு செடியைப் பிடுங்கி, தண்டை பிளேடால் நீளவாக்கில் கீறிக் காட்டினார். உள்ளே நீர்க்குழாய்கள் ஓடும் இடம் கருத்துப் போயிருந்தது. "ஃபியூசேரியம் வாடல். எல்லோரும் படம் வரைஞ்சுக்கங்க" என்றார்.

காட்டுக்காரர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "மூணு வருசமா இந்தக் காட்டுல கடலையே போடலீங்க. ரெண்டு வருசம் சோளம் போட்டனுங்க. ஒரு வருசம் சும்மா கெடந்துச்சு. இப்பப் போட்டதும் மறுபடி வந்துருச்சுங்க. மண்ணு மறக்கலீங்க" என்றார்.

பேராசிரியர் சற்று யோசித்தார். "மூணு வருஷம் சுழற்சி விட்டிருந்தா வந்திருக்கக் கூடாதே. நடுவுல எப்பவோ கடலை போட்டிருப்பீங்க, மறந்திருப்பீங்க." அவர் இல்லை என்று தலையாட்டினார். மறுபடி கேட்டபோதும் இல்லை என்றார். வேலி ஓரத்தில் அவருடைய சம்சாரம் முடக்கத்தான் கீரை பறித்துக்கொண்டிருந்தார். காட்டுக்குள்ளே கோரையும் நெருஞ்சியும் பச்சென்று இருந்தன. அவற்றை நாங்கள் ஒருவரும் பிடுங்கிப் பார்க்கவில்லை. அன்றிரவு என் நோட்டில் எழுதினேன்: "விவசாயி பயிர்ச் சுழற்சியை முறையாகப் பின்பற்றவில்லை." பத்துக்கு ஒன்பது மார்க் கிடைத்தது.

அந்த வரி ஏன் தவறு என்பதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் கீழே சுருக்கமாகச் சொல்லப்போகிறேன்.

பெயர் சூட்டிய காலம்

மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் பூஞ்சைகளுக்கு 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் ஒவ்வொன்றாகப் பெயர் கிடைத்தது. ஜெர்மனியின் ஜூலியஸ் கூன் 1858இல் உருளைக்கிழங்கிலிருந்து ரைசோக்டோனியா சொலானியை விவரித்தார். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரால்ஃப்ஸ் 1892இல் தக்காளி வாடுவதைக் கண்டு எழுதினார். அந்தப் பூஞ்சைக்கு 1911இல் இத்தாலியர் சக்கார்டோ ஸ்க்ளிரோஷியம் ரால்ஃப்சியை என்று பெயர் வைத்தார். நம் ஊர் நிலக்கடலையில் தண்டழுகல் உண்டாக்குவது இதுவேதான். எர்வின் ஸ்மித் 1899இல் பருத்தி, தர்பூசணி, தட்டைப்பயறு மூன்றின் வாடல் நோயைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்.

இந்தக் காலத்து அறிஞர்கள் எல்லோருக்கும் வழி ஒன்றுதான். நோயுற்ற பயிரைப் பிடுங்கு, பூஞ்சையைப் பிரித்தெடு, பெயர் வை. இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரே பூஞ்சைக்கு, பிடித்த பயிரைப் பொறுத்துப் பல பெயர்கள் வந்துவிட்டன. பயறுகளில் வேரழுகல் உண்டாக்கும் பூஞ்சையை இத்தாலியில் டாஸ்ஸி 1901இல் அவரையினச் செடியிலிருந்து விவரித்தார். அமெரிக்காவில் டாபென்ஹாஸ் 1913இல் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து அதற்கே வேறு பெயர் வைத்தார். இன்றைய பெயரான மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா 1947இல் கோய்டானிச் கொடுத்தது. நாம் லேபில் ரைசோக்டோனியா படாடிகோலா என்று எழுதியதும் இதையேதான்! ஐந்நூறுக்கு மேற்பட்ட தாவர இனங்களில் குடியிருக்கும் ஒரு பூஞ்சை, பல பெயர்களில் பல நோய்களாகத் தெரிந்தது. பயிருக்குப் பயிர் வேறு நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பயிரில்லாத களையில் தேட யாருக்குத் தோன்றும்?

பூசாவில் பட்லர்

நம் நாட்டில் இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவர் எட்வின் ஜான் பட்லர். அயர்லாந்துக்காரர். மருத்துவம் படித்துவிட்டுப் பூஞ்சையியலுக்கு வந்தவர். 1901இல் இந்தியா வந்து, பின்னர் பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். துவரை வாடலை எடுத்துக்கொண்டு 1906இலும் 1910இலும் எழுதினார். வாடிய துவரையில் இரண்டு பூஞ்சைகள் கிடைத்தன. ஸ்மித் சொன்ன நியோகாஸ்மோஸ்போரா ஒன்று, ஒரு ஃபியூசேரியம் இன்னொன்று. இரண்டும் ஒரே பூஞ்சையின் இரு வடிவங்கள் என்பது ஸ்மித்தின் கருத்து. பட்லர் தனித்தனியாகச் செடிகளில் செலுத்திப் பார்த்து, நோய் தருவது ஃபியூசேரியம் மட்டுமே என்று நிரூபித்தார். அதுதான் ஃபியூசேரியம் உடம். நியோகாஸ்மோஸ்போரா செத்த வேரைத் தின்ன வந்த விருந்தாளி.

கூட இருப்பதெல்லாம் குற்றவாளி அல்ல என்பது பட்லர் கற்பித்த பாடம். குற்றவாளி சில சமயம் நல்ல பிள்ளை வீட்டிலேயே குடியிருக்கும் என்ற மறுபாதிப் பாடத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னையின் பங்கு

பயிர் இல்லாத மாதங்களில் பூஞ்சை எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை வேர்நோய் ஆராய்ச்சியின் நடு மையத்தில் வைத்தவர் இங்கிலாந்தின் எஸ். டி. காரெட். 1930களில் ராதம்ஸ்டெட்டில் அவரோடு பணியாற்றியவர் நம் டி. எஸ். சதாசிவன். கோதுமை வைக்கோலில் எந்தப் பூஞ்சை முதலில் குடியேறுகிறது, எது பின்னால் வருகிறது என்று ஆராய்ந்து 1939இல் கட்டுரை வெளியிட்டார். 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரான பின், மண்வழி ஃபியூசேரியமும் வாடல் நோயும் அந்தக் கூடத்தின் முத்திரையாகிவிட்டன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நமக்குப் பாடம் நடத்திய பலர் அங்கே படித்து வந்தவர்கள், அல்லது அங்கே படித்தவர்களிடம் படித்தவர்கள்.

அந்தப் பள்ளி நமக்குச் சொல்லித் தந்தது இதுதான். பயிர் போன பின் பூஞ்சை செத்த வேரிலும் தட்டையிலும் தங்கும். அந்த மட்கு தீர்ந்தால் தடித்த சுவருடைய ஓய்வு வித்துக்களாக மண்ணில் உறங்கும். ஆகவே சில ஆண்டுகள் பயிரை மாற்றினால் வித்துக்கள் பட்டினி கிடந்து குறையும். நம் பேராசிரியர் அந்தக் காட்டில் சொன்ன மூன்று வருடக் கணக்கு இந்தத் தர்க்கத்திலிருந்து வந்தது. தர்க்கத்தில் பிழையில்லை. செத்த வேர், உறங்கும் வித்து என்ற இரண்டு இருப்பிடங்களோடு மூன்றாவது ஒன்று இருந்தது. அதுதான் பாடத்தில் இல்லை.

பயிருக்கு ஒரு பூஞ்சையா?

1940இல் கலிஃபோர்னியாவின் ஸ்னைடரும் ஹான்சனும் வாடல் ஃபியூசேரியங்களை எல்லாம் ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள். தாக்கும் பயிரின் பெயரைப் பின்னால் சேர்த்து சிறப்பு வகைகளாகப் பிரித்தார்கள். தக்காளிக்கு ஒரு வகை, பருத்திக்கு ஒரு வகை, கொண்டைக்கடலைக்கு ஒரு வகை. மாணவர்களுக்கு மனப்பாடம் செய்ய வசதியாக இருந்தது. ஆனால் பெயரே ஒரு நம்பிக்கையை உண்டாக்கியது: கொண்டைக்கடலை வகை கொண்டைக்கடலைக்குள் மட்டும்தான் போகும்.

இதை 1948இல் உடைத்தவர்கள் அமெரிக்காவின் ஆம்ஸ்ட்ராங் தம்பதியர். வாடல் ஃபியூசேரியங்களைத் தொடர்பே இல்லாத செடிகளுக்குச் செலுத்தினார்கள். செடிகள் வாடவில்லை, பச்சையாகவே நின்றன. அந்த ஆரோக்கியமான செடிகளுக்குள்ளிருந்து அதே பூஞ்சையை மீண்டும் பிரித்தெடுத்தார்கள். நோய் வராத செடிகளும் வாடல் பூஞ்சையைச் சுமக்கும் என்று கட்டுரையின் தலைப்பிலேயே சொன்னார்கள். அறிகுறியற்ற நோய்தாங்கி என்ற கருத்து இப்படித்தான் வாடல் நோய்க்குள் நுழைந்தது.

உள்ளே என்ன நடக்கிறது? பூஞ்சை களையின் வேர்ப் புறணிக்குள் நுழைகிறது. நடுவிலுள்ள நீர்க்குழாய்களைப் பிடிக்க முடியாமல் நின்றுவிடுகிறது. குழாய் அடைபடாததால் செடி வாடாது, இலையும் மஞ்சளாகாது. அந்தக் களை முற்றி, வேர் செத்ததும், உள்ளே இருந்த பூஞ்சை வேற்றாள் வருமுன் அந்த வேரைத் தின்று, புதிதாக ஓய்வு வித்துக்களை மண்ணில் கொட்டுகிறது. பட்டினியில் குறைய வேண்டிய கணக்கில் புது வரவு சேர்ந்துவிடுகிறது.

பதான்சேரு, 1982

1972இல் ஹைதராபாத் அருகே பதான்சேருவில் இக்ரிசாட் தொடங்கப்பட்டது. அங்கே பயறு நோய்களைக் கவனித்தவர் ஒய். எல். நெனே. (பிற்காலத்தில் நம் நாட்டுப் பழைய வேளாண் நூல்களைத் தேடி வெளியிட 1994இல் ஒரு அறக்கட்டளையே தொடங்கியவர்.) கொண்டைக்கடலை வாடினால் அது ஃபியூசேரியமா, உலர் வேரழுகலா, வைரஸா, உப்பா என்று பல காலம் குழப்பம் இருந்தது. முதலில் அதை ஒழுங்குபடுத்தினார்கள். பூஞ்சை விதைக்குள்ளேயும் பயணம் செய்கிறது என்பதும் தெரியவந்தது.

1982இல் ஹவாரேயும் நெனேயும் சிறு கட்டுரை ஒன்று வெளியிட்டார்கள். மைசூர்ப் பருப்புச் செடி, பட்டாணி, துவரை மூன்றும் கொண்டைக்கடலை வாடல் பூஞ்சையை அறிகுறி காட்டாமல் வேரில் வைத்திருக்கின்றன என்றது அது. யோசித்துப் பாருங்கள்! கடலைக்குப் பதில் துவரை போட்டுச் "சுழற்சி" செய்தவர், தெரியாமல் பூஞ்சைக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார். பின்னர் வந்த நூல்களில் களைகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. கோரை, நெருஞ்சி, முடக்கத்தான்.

அந்த மூன்று பெயர்களை ஒரு நூலகத்தில் முதன்முதலாகப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் காடும், சும்மா கிடந்த ஒரு வருடமும், வேலி ஓரத்து அம்மாவும் கண்முன் வந்தார்கள்.

1996இல் பதான்சேருவிலிருந்தே இன்னொரு முடிவும் வந்தது. கொண்டைக்கடலையே இல்லாவிட்டாலும் பூஞ்சை மண்ணில் குறைந்தது ஆறு ஆண்டுகள் உயிரோடு இருக்கும். மூன்று வருடம் என்ற கணக்கே அதோடு முடிந்தது.

கடுகு உருண்டையும் களைக்கொத்தும்

களை இருந்தால் நோய், ஆகவே வெட்டி எறி என்று முடித்துவிடலாமா? நிலக்கடலையின் கதை அவ்வளவு நேரானது அல்ல.

தண்டழுகல் பூஞ்சையின் ஓய்வுருண்டைகள் பார்க்கக் கடுகு போலவே இருக்கும். 1966இல் ஏகாக் தொகுத்த நூலில் இதற்கு இடம் கொடுக்கும் தாவரங்கள் ஐந்நூறுக்கும் மேல். களைகளும் அதில் ஏராளம். இந்தப் பூஞ்சைக்கு ஒரு குணம் உண்டு. உயிருள்ள தண்டைத் தாக்குமுன் பக்கத்தில் செத்த இலை தழை கிடந்தால் அதில் முதலில் வளர்ந்து பலம் சேர்த்துக்கொள்ளும்.

1950களில் ஜார்ஜியாவில் பாயில் என்பவர் கவனித்தது இதைத்தான். களையை அழிக்க வரிசைகளுக்கிடையே கலப்பை ஓட்டியபோது மண் கடலைச் செடியின் அடியில் வந்து விழுந்தது. களையும் கடலையின் கீழ் இலைகளும் மண்ணுக்குள் புதைந்து மட்கின. பூஞ்சைக்கு அது பந்தி விரித்ததுபோல் ஆயிற்று. களையெடுத்த கையே நோயையும் வளர்த்தது! பழைய தழைகளை விதைக்குமுன் ஆழ உழுது புதைப்பது, பயிர் வந்த பின் செடிமேல் மண் தள்ளாமல் களை எடுப்பது என்ற முறையை அவர் முன்வைத்தார். 1958இல் வர்ஜீனியாவில் காரனும் ட்யூக்கும் இதே முறையைச் சோதித்து எழுதினார்கள்.

நம் ஊரில் விழுது இறங்குவதற்காக ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். அதை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிடுங்கிய களையைச் செடியின் காலடியிலேயே போட்டு மண்ணை இழுத்து மூடாதீர்கள், வரப்புக்கு வெளியே கொண்டுபோங்கள் என்றுதான் சொல்கிறேன்.

களைக்கொல்லி வந்த பிறகும் இதே பாடம் வேறு வடிவில் வந்தது. அமெரிக்காவின் வடமேற்கில் பார்லி வயல்களில் செய்து 1992இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. களைக்கு மருந்தடித்த கையோடு விதைத்தால் ரைசோக்டோனியா வேரழுகல் அதிகமாகிறது, இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டால் குறைகிறது. சாகிற களையின் வேரில் பெருகிய பூஞ்சை, பக்கத்தில் முளைக்கும் இளம் வேருக்குத் தாவுகிறது. பார்லி நம் பயிரல்ல, ஆனால் ரைசோக்டோனியா பயறு நாற்றையும் விடாது.

பட்டியல் இன்னும் முடியவில்லை

சோயாவில் திடீர் மடிவு என்றொரு நோய் 1971இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் முதலில் காணப்பட்டது. அதுவும் ஒரு மண்வழி ஃபியூசேரியம். அங்கே சோயாவுக்கு மாற்றுப்பயிர் மக்காச்சோளம். 2012இல் மினசோட்டா ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், அந்த மக்காச்சோளமே அறிகுறியற்ற நோய்தாங்கி. கோதுமையும் அப்படியே. களைகளில் காட்டுக்கீரை இனம் ஒன்றும், நம் சக்கரவர்த்திக் கீரையும் அதே பட்டியலில் இருந்தன. ஆம்ஸ்ட்ராங் தம்பதியர் எழுதி அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் புதிய பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் களையும் எல்லாப் பூஞ்சைக்கும் இடம் தராது. துவரை வாடல் பூஞ்சை பெரும்பாலும் துவரையோடும் அதன் காட்டு உறவுகளோடும் நின்றுவிடுகிறது. மேக்ரோஃபோமினாவோ கண்ட செடியில் எல்லாம் ஏறும். ஆகவே "களைதான் காரணம்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது, "விவசாயிதான் காரணம்" என்று நாங்கள் எழுதியதைப் போலத்தான். எந்தப் பூஞ்சை என்று முதலில் கேட்க வேண்டும்.

வயலில் செய்யக்கூடியது இவ்வளவுதான். எதிர்ப்புத் திறனுள்ள ரகம், சுத்தமான விதை இரண்டும் முதல் காவல். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது நம் பயறு விவசாயிகளுக்குப் பழகிய முறை. சுழற்சிக்குப் பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது அது நோய்தாங்கியா என்று பார்க்க வேண்டும். நிலம் சும்மா கிடக்கும் பருவத்தில் களையைப் பூத்து முற்ற விடக்கூடாது. பயிர் இருக்கும்போது களை எடுப்பவர்கள் உண்டு. பயிர் இல்லாதபோது யார் எடுக்கிறார்கள்? கூலி கொடுத்து எடுக்க மனம் வருமா? நியாயமான கேள்விதான். ஆனால் மண் கணக்கு எழுதுவது அந்த மாதங்களில்தான்.

அந்த ஒரு வரி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் பேராசிரியரைப் பார்த்தேன். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கொண்டைக்கடலைக் காட்டை ஞாபகப்படுத்தி, 1982 கட்டுரையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்த மனுஷன் ரெண்டு தடவை இல்லைன்னு சொன்னாரு. நான் நம்பலை. செடியை மட்டும் கீறிப் பார்த்தேன்" என்றார். பிறகு, "உன் ரெக்கார்டுல திருத்திடு" என்றார்.

அந்தக் காட்டில் நோயைக் காத்து வைத்தது களையா, ஆறு வருடம் உறங்கத் தெரிந்த வித்தா, கடைசியாக வாங்கிய விதையா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்த மூன்றில் எதற்கும் அவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. "சும்மா கெடந்துச்சு" என்று அவர் சொன்ன வார்த்தையில் ஒரு ஆராய்ச்சித் தலைப்பே இருந்தது. எங்கள் முப்பது பேர் காதிலும் அது விழுந்தது. ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த களப்பயணத்தில் வாடிய செடியோடு அதன் பக்கத்தில் வாடாமல் நிற்கும் களை ஒன்றையும் பிடுங்கி வாருங்கள். வேரைக் கழுவி, மேற்புறத்தை நுண்ணுயிர் நீக்கி, ஊடகத்தில் வையுங்கள். வளரும் பூஞ்சையைப் பயறு நாற்றுக்குக் கொடுத்துப் பாருங்கள். நம் லேபில் உள்ள சாமான்களே போதும். வயல்காரர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பழைய ரெக்கார்டு நோட்டு இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. கீழே இறக்கி, அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதிவிட்டேன்: "விவசாயி சொன்னது சரி. களைகள் பரிசோதிக்கப்படவில்லை."

சந்திப்பு விழா சிறக்க வாழ்த்துக்கள். நேரில் பேசுவோம்.